சென்னாகுன்னி நிறத்தில் மை

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், ஒரே பதில்தான் இருந்தது. "கலர் ஊத்துற வேலை." சொல்லிவிட்டு வலையின் பக்கம் திரும்பிவிடுவார். அதில் கேலி ஒன்றும் இல்லை. அச்சுத் தொழில்நுட்பத்தில் நான் டிப்ளமோ முடித்ததும், அச்சகத்தில் வேலை கிடைத்ததும் அவருக்குச் சந்தோஷம்தான். அந்த வேலையைப் பற்றி அவர் மனதில் இருந்த சித்திரம் மட்டும், ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்கு எதையோ ஊற்றுவது.

ஊற்றுவதும் உண்மைதான். எங்கள் அச்சகம் அனுப்பம்பட்டு ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பெரிய ஷெட்டில் இருக்கிறது. எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் தூரம் ரயில். மளிகைக் கவர், ஸ்வீட் கடைப் பை, அரிசி மூட்டையின் மேலே ஒட்டும் தாள் எல்லாம் பிளெக்ஸோ முறையில் அச்சடிக்கிறோம். ரப்பர் போல வளையும் அச்சுத் தகட்டை ஓர் உருளையில் சுற்றி, தண்ணீர் போல ஓடும் மையை அதற்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஓடுகிற காகிதச் சுருளில் படம் விழும். மை சரியாகப் போகவில்லையென்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயன் இல்லை.

மை ஏற்றும் முறையை ஒரு தாளில் எழுதி மை அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் எனக்கு வேலை ஓடும். டின்னை அடிவரை கலக்கு. நிறம் தரும் பொடி கீழே தங்கியிருக்கும், மேலாக எடுத்து ஊற்றினால் காலையில் வெளிறியும் மாலையில் அடர்ந்தும் விழும். சல்லடையில் வடிகட்டு. அடியில் ஓட்டை உள்ள சின்னக் கிண்ணத்தில் அள்ளி, எவ்வளவு நேரத்தில் ஒழுகி முடிகிறது என்று பார்; கெட்டியா தண்ணியா என்பது அதில் தெரிந்துவிடும். பம்பின் ஓஸ் குழாயை வாளியில் முழுக்க மூழ்க வை. காற்று இழுத்தால் நுரை கட்டும். உருளை சுற்ற ஆரம்பித்த பிறகுதான் மையை விடு. அந்த உருளையின் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள், ஈரச் சேற்றில் நண்டு போட்ட வளைகள் போல. ஒவ்வொரு குழியும் தன் அளவுக்கு மை எடுத்துக்கொள்ளும், மீதியை ஒரு பிளேடு வழித்துவிடும். மை அந்தக் குழிகளில் காய்ந்துவிட்டால் சுத்தம் செய்வதற்குள் ஒரு நாள் வேலை போய்விடும். எல்லாவற்றுக்கும் கடைசியில்: தரையைத் துடை.

அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் அக்கா, "கோயில் சுவத்துல உபயம் எழுதினா மாதிரி எழுதி வச்சிக்கீறா" என்பாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. அச்சகத்தில் என்னோடு வேலை செய்கிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், பக்கத்துக் கிராமத்தில் நெல் போடுகிற குடும்பம். எங்களோடு ஓர் அண்ணனும் உண்டு. அவர் பழவேற்காட்டுப் பக்கத்துக் கடலோரக் குப்பத்துக்காரர், அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். இயந்திரம் ஓட்டுவது நாங்கள் மூவரும்தான்.

எங்களுக்குள் முன்பு ஒரு தகராறு இருந்தது. ஷெட்டில் இரண்டு இயந்திரங்கள். புதியதில் பம்பு உண்டு, உருளையை ஒட்டிய மூடிய பெட்டிக்குள் மை தானாகப் போய்த் தானாகத் திரும்பி வரும். பழையதில் திறந்த தட்டு, கையால்தான் ஊற்ற வேண்டும். முழங்கை வரை நிறம். ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சற்றுத் தள்ளி உட்காருவார்கள். புதியது யாருக்கு என்று ஒவ்வொரு வேலைக்கும் வாய்த் தகராறு. மேனேஜர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று கையைக் கழுவிவிட்டார்.

அண்ணன்தான் வழி சொன்னார். "நம்ம ஊரு மாதிரி பாடு வச்சிக்கலாம்."

அக்காவுக்கு அது புரியவில்லை, விளக்க வேண்டியிருந்தது. எங்கள் பழவேற்காட்டு ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் கிடைக்காது. நல்ல இடங்களில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. உன் பாடு இல்லாத நாளில் காலடியில் மீன் துள்ளினாலும் அந்த இடத்தில் நீ வலையை விரிக்கக் கூடாது. கேட்டுவிட்டு அக்கா, "இவ்ளோதானா, எங்க ஊர்ல ஏரித் தண்ணிக்கு முறை வச்சிக்கறா மாதிரி" என்றாள்.

அண்ணன் மூன்று தாள் துண்டுகளை மடித்து ஒரு மை டின்னின் மூடியில் போட்டுக் குலுக்கினார். எனக்கும் ஒன்று போடலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கவே இல்லை. அவருக்கு அது மூன்று ஆட்களுக்கு மூன்று சீட்டு. என் கையில் இருந்த துண்டை நான் மட்டும் கொஞ்ச நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். எங்கள் ஊரில் பாடு ஆண்களுக்குத்தான். நைனாவுக்கு உண்டு, சித்தப்பாவுக்கு உண்டு. அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் எடுப்பாள். அதற்குப் பாடு கிடையாது. அதற்கு ஒரு முறை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அன்று சீட்டு எடுத்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. வேலை இடத்து ஏற்பாடு, வீட்டில் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அம்மாவின் கவர் வந்தது.

அம்மாவும் தெருவில் இன்னும் சில பெண்களும் சேர்ந்து சென்னாகுன்னி காயவைத்து விற்கிறார்கள். நகம் அளவு கூட இல்லாத பொடி இறால். மணலில் துணி விரித்துக் காயப்போட்டு, பொன்னேரிச் சந்தையில் படியால் அளந்து, செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார்கள். பொன்னேரியில் ஒரு கடைக்காரர், அச்சடித்த கவரில் போட்டுக் கொண்டுவந்தால் தன் கடையில் முன்வரிசையில் வைப்பதாகச் சொன்னார். வெயிலில் சந்தைத் தரையில் உட்காராமல் விற்க அவர்களுக்கு வந்த முதல் வழி அது. கவரைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றும் அவர் சொல்லியிருந்தார்.

கணினியில் முதலில் போட்ட படத்தை அம்மாவிடம் காட்டினேன். பளிச்சென்ற சிவப்பு. அம்மா ஒரு நொடிதான் பார்த்தாள். "இது மொளகாத்தூள் பாக்கெட்டு" என்றாள். மறுநாள் சின்ன பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி சென்னாகுன்னி கட்டிக் கொடுத்தாள். முந்தின நாள் வெயிலில் காய்ந்தது. "இந்தக் கலரு. கொஞ்சம் மங்கினாலும் பழசுன்னு நெனைப்பாங்க. பழசுன்னு நெனைச்சிட்டா தொட மாட்டாங்க."

சரியாகக் காய்ந்த சென்னாகுன்னிக்கு ஒரு நிறம் உண்டு. ஆரஞ்சு என்று சொல்லலாம், ஆனால் உள்ளிருந்து ரோஸ் எட்டிப் பார்க்கும். அதைக் கலக்க எனக்குப் பல தடவை முயல வேண்டியிருந்தது. ஆரஞ்சில் துளித்துளியாக ரோஸ் விட்டு, நிறமற்ற மையை ஊற்றி இளக்கி, ஒவ்வொரு தடவையும் தாளில் தேய்த்துக் காயவைத்து அம்மாவின் பையோடு வைத்துப் பார்த்தேன். கடைசியில் வந்தது. அந்தத் தாள் துண்டை வீட்டுக்கு எடுத்துப்போனபோது அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, "வாசனைதான் இல்ல" என்றாள். அதுதான் ஒப்புதல். கலந்த மையை ஒரே வாளியில் மூடி வைத்தேன். அந்த ரோஸ் மை டின்னில் மிச்சமில்லை, இதற்கென்றே வாங்கியது.

வேலை அட்டையோடு, வழக்கம்போல, மேனேஜர் அம்மாவின் சென்னாகுன்னிப் பையைப் பின் போட்டுக் குத்தி வைத்தார். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி எதுவோ அதற்கு ஒப்பாகத்தான் அச்சு இருக்க வேண்டும் என்பது எங்கள் அச்சகத்தின் விதி. நான் தேய்த்த தாள் துண்டு அட்டைக்குப் பின்னால் போய்விட்டது. மற்ற வேலைகள் முந்திக்கொண்டதில் அட்டை சில வாரம் மை அறையில் தொங்கியது. மற்றவர்கள் தரும் மாதிரி துணியாகவோ பழைய கவராகவோ இருக்கும், அப்படியே கிடக்கும். எங்கள் ஊர்க்காரர்கள்தான் காய்ந்த இறாலைக் கொடுத்து இதுதான் நிறம் என்பார்கள். சென்னாகுன்னி நாளாக நாளாகப் பழுப்பேறும்.

வேலை எடுக்கிற நாளில் பாடு அக்காவுடையது. அதை எனக்கு விட்டுத்தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் அவளுடைய போன முறை பம்பு பழுதாகி வீணாய்ப் போயிருந்தது. இதற்காக அவள் காத்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவள் தொடங்கினாள்.

"உங்கம்மா வேலைன்னு என் முறைய உனக்குக் குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"நான் கேக்கவே இல்லையேக்கா."

"கேக்காத வரைக்கும் நீ நல்ல பொண்ணு."

நான் பழைய இயந்திரத்தில் ஒரு பை வேலைக்குத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா என் வாளியைத் திறந்து அடிவரை கலக்கினாள், வடிகட்டினாள், கிண்ணத்தில் அள்ளி ஒழுகவிட்டுப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாகச் செய்தாள். பிறகு ஒரு துளியைத் தாளில் தேய்த்து, காயவைத்து, அட்டையில் இருந்த பையை அதன் பக்கத்தில் வைத்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. பையில் இருந்தது இப்போது காய்ந்த புளியின் நிறம். பக்கத்தில் என் மை கத்திக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு மக்கில் கொஞ்சம் மை மொண்டு, அதில் பிரவுன் விட்டுக் கலக்கித் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் விட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. விதி எதைச் சொல்கிறதோ அதைச் செய்தாள். மக்கில் கண்டுபிடித்த கணக்குக்கு வாளியிலும் பிரவுன் விடுவாள். ஆரஞ்சில் பிரவுன் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. கடைக்காரர் கையில் போய்ச் சேர்வது பழைய சரக்கின் நிறத்தில் ஒரு கவராக இருக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவருடைய பாடு நடக்கும்போது கரையில் இருப்பவர் யோசனை சொல்வது, அவர் வலையில் கை வைப்பதைவிடப் பெரிய அவமரியாதை. அவர் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எந்த வேலையையும் போட்டுவிட்டுப் போக வேண்டும். கூப்பிடும் வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியது. தட்டைக் கழுவின கையோடு நான் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடு, கூப்பிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பிரவுன் டின்னைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் அம்மா வந்தாள்.

இன்றைக்குக் கவர் அடிக்கிறோம் என்று காலையில் சொல்லியிருந்தேன். சந்தை முடிந்ததும் கூடையோடு அப்படியே ரயில் ஏறிவிட்டாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவளுக்கு முன்னால் வாசனை வந்தது. அண்ணன் மூக்கை உறிஞ்சி, "இப்பதான் ஷெட்டு நம்ம ஊரு மாதிரி கீது" என்றார்.

அம்மா நேராக மேசைக்குப் போனாள். அக்கா பெருமையாகத் தேய்த்த தாளையும் பையையும் சேர்த்துக் காட்டினாள்.

"இன்னா இது, போன மாசத்துச் சரக்கு மாதிரி கீது" என்றாள் அம்மா.

"நீங்க குடுத்ததுதாம்மா. பாருங்க, அப்படியே கீது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? நீதான கலர் ஊத்துறவ. போய் ஊத்து."

"இன்னிக்கு என் பாடு இல்லமா. அக்கா பாடு."

 அம்மா என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார்.

"உனக்குப் பாடு கீதா?" குரல் இறங்கியிருந்தது.

"மூணு பேருக்கும் கீதுமா. போன வேலை என்துதான்."

அதற்குப் பிறகு என்னைப் போய் ஊற்று என்று அம்மா சொல்லவில்லை. கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். மேசையின் மேல் வைத்திருந்த கையைக்கூட எடுத்துக்கொண்டாள். பாட்டில் இருக்கும் ஆளிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படி அக்காவிடம் கேட்டாள்.

"யம்மா, உன் பாடு. நான் ஒண்ணு சொல்லலாமா?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கறீங்க. உங்க கவரு."

அம்மா கூடையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினாள். விற்றது போக மீந்தது, நேற்றுக் காய்ந்தது. பக்கத்தில் பழைய பையை வைத்தாள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா பிரவுன் டின்னை மூடி, தூரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, உனக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் வாய மூடிக்கினு நின்னியா?"

கூப்பிடாமல் அடுத்தவர் பாட்டில் பேசக் கூடாது என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாகக் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அம்மா மட்டும் அதில் என்ன தப்பு என்பதுபோல நின்றாள்.

"எங்க ஊர்ல மத்தவன் முறையில மடையத்தான் தொறக்கக் கூடாது. வாயத் தொறக்கலாம்" என்றாள் அக்கா. அண்ணன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. "சரி, கூப்புடறேன். கூப்ட்டாச்சா? வந்து ஓஸைப் புடி."

போனேன். மக்கில் இருந்ததை வாளியோடு சேராமல் ஓரமாக வைத்தோம். பிறகு ஒரு வெல்லக் கவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. நான் ஓஸை மூழ்கப் பிடித்துக்கொண்டேன். அக்கா உருளையைச் சுற்றவிட்டு, பம்பை மெதுவாகத் திறந்தாள். கண்ணாடி போன்ற குழாயில் மை ஏறியது. அம்மா அது ஏறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, மூடிய பெட்டிக்குள் போய் மறைந்ததும் எங்கே என்று என்னைப் பார்த்தாள். திரும்பும் குழாயைக் காட்டினேன். அங்கே கொஞ்சம் நுரையோடு வந்து வாளிக்குள் விழுந்தது. நுரை அடங்கும் வரை காத்திருந்தோம். அக்கா தகட்டை நெருக்கினாள். காகிதம் ஓட ஆரம்பித்தது.

முதலில் வந்ததெல்லாம் கழிவு. படம் பாதி விழும், ஓரம் விட்டுப்போகும். அம்மா அதில் ஒன்றைக்கூடக் கீழே போட விடவில்லை. நிறம் நிலைத்த பிறகு அக்கா ஒரு துண்டைக் கிழித்து, தாளில் பரப்பியிருந்த சென்னாகுன்னியின் மேல் வைத்தாள்.  "ஷோக்கா கீது" என்றாள் அம்மா. அதை அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை. அவள் பாடு ஆயிற்றே.

கூப்பிட்டுக் கை கொடுக்கப் போனவருக்கு எங்கள் ஊரில் மீனில் ஒரு பங்கு உண்டு. அண்ணன் இதைச் சொல்லப்போக, அக்கா அம்மாவின் கூடைக்குள்ளேயே கைவிட்டு ஒரு பிடி அள்ளி என் டிபன் பாக்ஸில் போட்டாள். "இந்தா, உன் பங்கு." எங்கள் வீட்டு இறாலை எனக்கே பங்கு கொடுத்தவள் அவள் ஒருத்திதான். மீதி எல்லாவற்றையும் அம்மா அவளுடைய டிபன் பாக்ஸில் கொட்டிவிட்டாள்.

வீட்டில் அம்மா கவரைப் பற்றிப் பிறகுதான் சொன்னாள். வாசலில் கால் கழுவும்போதே நைனாவிடம், "இவளுக்கு அங்க பாடு கீதாம்" என்றாள். நைனா நம்பாமல் என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் கேள்விகள். யார் சீட்டுப் போடுவது. நல்ல வேலை, சுமாரான வேலை என்று பிரித்து வைத்திருக்கிறீர்களா. ஒருவர் பாட்டில் மெஷின் ரிப்பேர் ஆனால் அந்தப் பாடு போனதுதானா, அடுத்த நாளைக்கு உண்டா. போனதுதான் என்றேன். "இங்கயும் அப்படித்தான். காத்து ஒத்துழைக்கலன்னா போச்சு" என்றார். என் வேலையைப் பற்றி அவர் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அக்கா மடை பற்றிச் சொன்னதை அம்மா நடித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொல்றதும் நாயம்தான். ஏரியில மீனு கலைஞ்சிடும்னு பேச மாட்டோம். கலரு கலையாதே" என்றார். அதிலிருந்து நான் வாயைத் திறக்கிறேன்.

கடைக்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சொன்னபடி முன்வரிசையில் வைத்தார். அம்மா பொன்னேரிக்குப் போனால் அந்தக் கடை வழியாகத்தான் நடக்கிறாள், வாங்க எதுவும் இல்லாவிட்டாலும்.

நைனா ஏரியிலிருந்து திரும்பும் நேரமும் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரமும் சில நாள் ஒன்றாக அமையும். "இன்னிக்கு யார் பாடு?" என்பார். என்னுடையது என்றால், உஷாராகப் பார்த்துச் செய் என்பார். அண்ணனுடையது என்றால், சரி போ என்பார். போன வாரம் டீக்கடையில் யாரோ புதிதாக வந்தவர், பொண்ணு என்ன வேலை பார்க்கிறது என்று அவரிடம் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற சித்தப்பா வந்து சொன்னார். நைனா டீயைக் குடித்து முடித்துவிட்டு, டம்ளரை வைத்த பிறகு சொன்னாராம்:

"அச்சாபீசுல அவளுக்குப் பாடு கீது."